காரணம்: களைப்பு

பள்ளிக்கூடத்தில் நமக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த கடிதம் எது, ஞாபகம் இருக்கிறதா? லீவு லெட்டர்தான். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, காய்ச்சல் என்றுதான் எழுத வேண்டும். அப்படித்தான் பழக்கினார்கள்.

நாம் வளர்ந்தோம். வேலைக்குப் போனோம். லெட்டர் மட்டும் வளரவே இல்லை. காய்ச்சலுக்குத் துணையாகச் சித்தப்பா பெண் கல்யாணமும் குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகமும் வந்து சேர்ந்தன, அவ்வளவுதான். சில ஆபீஸ்களில் ஒரே ஊழியரின் பாட்டி மூன்று தடவை காலமாகியிருப்பார். மேனேஜரும் மூன்று தடவையும் துக்கம் விசாரித்திருப்பார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'ஐயா, எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஒரு வாரம் ஓய்வு வேண்டும்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி யாராவது லீவு கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் கேட்டதுண்டா? கேட்க மாட்டோம். காய்ச்சல் என்றால் 'ஐயோ பாவம்' என்பார்கள். களைப்பு என்றால் 'சோம்பேறி' என்பார்கள். காய்ச்சல் உடம்பின் குற்றம், களைப்பு நம்முடைய குற்றம் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஓய்வு என்பது உழைத்து உழைத்துத் தகுதி பெற்று வாங்க வேண்டிய பரிசா? இல்லை, ஒரு தகுதியும் கேட்காமல் மனிதருக்குச் சேர வேண்டிய ஒன்றா?

வாலாஜாபேட்டையில் ஒரு நண்பர். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பையர் வருகிறார் என்றால் ராத்திரி பத்து மணி. ஷிப்மென்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. நாலு வருஷமாகச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எடுத்ததில்லை. வரவர வீட்டில் சிடுசிடுப்பு. படுத்தால் தூக்கம் இல்லை. ஒருகாலத்தில் தோலைக் கையால் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற மனிதர், 'எது எப்படிப் போனா இன்னா' என்று பேச ஆரம்பித்தார். கடைசியில் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஐந்து நாள் லீவு போட்டார். குடும்பத்தோடு ஊட்டி.

ஊட்டிக்குப் போவதற்கு முன்பே அவர் உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டுவிட்டார். காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஏழரைக்கு தொட்டபெட்டா. பத்துக்கு பொட்டானிக்கல் கார்டன். பன்னிரண்டரைக்கு போட் ஹவுஸ். மறுநாள் குன்னூர். மூன்றாம் நாள் காலையில் அவருடைய பையன் கேட்டானாம்: "அப்பா, இன்னிக்கி எத்தனை இடம் பாக்கி?"

திரும்பி வந்தவரைப் பார்த்தபோது முகம் போன மாதிரியேதான் இருந்தது. "இன்னா சார் பண்றது? அஞ்சு நாள்ல பதினெட்டு இடம் முடிச்சேன். ஒண்ணுகூட விடல. ஆனா உடம்பெல்லாம் அசதி. இப்ப இந்த லீவுக்கு ஒரு லீவு வேணும்" என்றார்.

'முடிச்சேன்' என்றார் பாருங்கள். ஆர்டரை முடிப்பது போல ஊட்டியை முடித்திருக்கிறார். கம்பெனியை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் மனசுக்குள் இருக்கிற சூப்பர்வைசர் அவரோடு கூடவே மலை ஏறிவிட்டான்.

காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி ஒரே ஒரு வரி சொன்னார். "அவரு ஊட்டியைப் பார்த்தாருங்க. நான் அங்கியும் பையப் பிரிச்சிக்கினு, பையக் கட்டிக்கினு, ஈரத்துணிய ஒலத்திக்கினு இருந்தேன்." இந்த வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

நண்பருக்கு வந்தது வெறும் களைப்பு இல்லை. ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் பணியாற்றியபோது, அங்கே ஆர்வமாகச் சேவை செய்ய வந்தவர்கள் நாளாக நாளாக உள்ளுக்குள் கருகிப் போவதைக் கவனித்தார். 1974-ல் அதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர் வைத்து எழுதினார். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. சக்தி வற்றிப் போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இது ஒரு நோய் அல்ல, வேலை செய்யும் இடத்தில் நீண்டகாலம் சரிசெய்யப்படாமல் கிடக்கிற அழுத்தத்தின் விளைவு என்றும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொன்னது.

விளக்கை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். எண்ணெய் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். அது களைப்பு, ஒரு நல்ல தூக்கம் போதும். திரியே கருகிவிட்டால்? எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் புகைதான் வரும். திரி கருகிப் போன மனிதர் பதினெட்டு இடங்களை எண்ணெய் மாதிரி ஊற்றிக்கொண்டார். அதனால்தான் புகைந்துகொண்டே திரும்பினார்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முன்பு, 'போகப்போகிறோம்' என்ற நினைப்பிலேயே மனிதர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு? போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிதாக வித்தியாசமே இல்லை. 'மிகவும் நிம்மதியாக இருந்தது' என்று சொன்னவர்களிடம் மட்டும்தான் அந்தச் சந்தோஷம் கொஞ்சகாலம் தங்கியது. சும்மா நிம்மதியாக இருந்தவர்கள் ஜெயித்தார்கள். பட்டியல் போட்டுச் சுற்றியவர்களுக்கு போட்டோ மட்டும் மிச்சம்.

சரி, நிம்மதியாக இருப்பது ஏன் நமக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

வாலாஜாபேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து அவர்கள் ஊர் வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அதற்கு முன்னால் அந்த தூரத்தைக் கடக்க மாட்டு வண்டிதான். மாடு களைத்தால் வண்டி நிற்கும். மனிதர் அவசரப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. மரத்தடியிலோ சத்திரத்துத் திண்ணையிலோ காலை நீட்டி உட்கார வேண்டியதுதான். மாட்டின் புண்ணியத்தில் மனிதனுக்கும் ஓய்வு கிடைத்தது.

ரயில் வந்தது, நாள்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. நல்ல விஷயம்தான், யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அப்படி மிச்சமான நேரம் எங்கே போனது? ரயில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது, மிக்ஸி மிச்சம் பிடித்துக் கொடுத்தது, செல்போன் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் கூட்டினால் நாம் பாதி நாள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஆடுகிறோமா? மிச்சமான ஒவ்வொரு மணி நேரத்திலும் இன்னொரு வேலையைக் கொண்டுவந்து அடைத்துவிட்டோம். சும்மா இருக்கிற நேரம் என்றால் வீணாகப் போகிற நேரம் என்று நமக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

அந்தக் கணக்குப்பிள்ளைக்குத் தோல் தொழிலிலேயே பதில் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குரோமியம் உப்பு போட்டு டிரம்மில் உருட்டி எடுத்த தோலை உடனே அடுத்த மெஷினுக்கு அனுப்ப மாட்டார்கள். நீலம் பாரித்து இருக்கும் அந்த ஈரத்தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குறைந்தது ஒரு ராத்திரியாவது அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் மருந்து தோலின் நாருக்குள் நிலைத்துப் பிடிக்கும். அவசரப்பட்டால் சரக்கு கெட்டுப்போகும். குரோமியம் வருவதற்கு முந்தைய ஆவாரம்பட்டைக் காலத்திலோ தோல் வாரக்கணக்கில் தொட்டியில் கிடக்கும். சும்மா கிடக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் தொழில்.

"அப்படியானால் ஓய்வு எடுத்தால் நன்றாக வேலை செய்யலாம், அதுதானே சொல்ல வருகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். மேனேஜ்மென்ட் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். தோலை அடுக்கி வைப்பது தோலின் நன்மைக்காக இல்லை. ஷூ நன்றாக வர வேண்டும் என்பதற்காக. மனிதனும் அப்படித்தானா? நாளைக்கு இன்னும் நன்றாக உழைக்க வேண்டும் என்பதற்காக மட்டும்தான் இன்றைக்கு ஓய்வு என்றால், ஓய்விலும் நாம் வேலைக்குத்தான் வேலைக்காரர். இனி உழைக்கவே முடியாத வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அப்புறம் ஓய்வுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதைவிடப் பெரிய ஒரு பார்வை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆயுத பூஜையை நினைத்துப் பாருங்கள். சிப்காட்டில் லேத் மெஷினிலிருந்து வாலாஜாபேட்டைத் தறி வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைக்கிறோம். அன்றைக்கு அதைத் தொடுவதில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, பொங்கல் ஊட்டுகிறோம். அன்றைக்கு ஏர் பூட்டுவதில்லை. 'நாளைக்கு நன்றாக உழும்' என்று கணக்குப் போட்டா அதைச் செய்கிறோம்? இவ்வளவு நாள் நமக்காக உழைத்த ஜீவனுக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறோம். அந்த ஓய்வுக்குப் பெயர் மரியாதை.

திருகாணிக்கும் ஸ்பானருக்கும் செய்கிற அந்த மரியாதையை அதைப் பிடித்த கைக்கு என்றைக்காவது செய்திருக்கிறோமா?

ஓய்வு யாரோ போடுகிற பிச்சையும் இல்லை. நாம் சாதாரணமாகத் தூங்கிக் கழிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் வாதாடி, 1890-ல்தான் வார விடுமுறை கிடைத்தது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் உழைத்தவருக்கு ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. நம் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியபோது, எதிர்ப்பு கிளம்பி அந்த மே தினத்திலேயே அது வாபஸ் ஆனது. ஆக, லீவு லெட்டரில் நாம் கூனிக் குறுகி 'பணிவுடன் கேட்டுக்கொள்கிற' பொருள், நமக்காக யாரோ ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டுப் போனது.

ஆனால் எல்லோருக்கும் அது வாங்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் கிராமங்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தறிக்காரருக்குச் சேலைக்கு இவ்வளவு. கை நின்றால் காசு நிற்கும். அவர்களிடம் போய் 'மலைப்பிரதேசத்தில் ரிலாக்ஸ் பண்ணுங்கள்' என்று சொல்ல முடியுமா? நம் லீவைப் பற்றிக் குற்ற உணர்ச்சி கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஓய்வு ஆடம்பரம் என்று நினைக்கிற வரைக்கும் அது அவர்களுக்குப் போய்ச் சேராது. மனிதருக்குச் சேர வேண்டியது என்று நமக்கே முதலில் தோன்றினால்தான், 'அப்படியானால் அவர்களுக்கு எங்கே?' என்ற கேள்வி வரும்.

இப்போது நண்பரின் மனைவி சொன்ன வரிக்கு வருவோம். ஐந்து நாள் ஊட்டியில் அவருக்கு லீவு கிடைத்ததா? இடம் மாறியது, வேலை மாறவில்லை. 'நீ வீட்ல சும்மாதானே இருக்கே' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் 'சும்மா' எவ்வளவு பெரிய பொய்! தாயுமானவர் போன்றவர்கள் தேடித் தவித்த உயர்ந்த நிலைக்குப் பெயர் சும்மா இருத்தல். அதே சொல்லை, ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்க முடியாத பெண்ணுக்கு வசவாக ஆக்கிவிட்டோம். ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்றால் அந்த லீவு நல்ல லீவு இல்லை.

சரி, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒரு லீவு திட்டமிடுவோமா?

முதலில், ஐந்து நாள் கிடைத்தால் மூன்று நாள்தான் வெளியூர். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒன்றும் செய்யாமல் தூங்குங்கள். திரும்பி வந்த மறுநாள் வீட்டில் இருங்கள். ராத்திரி வண்டியில் வந்து இறங்கி, காலை எட்டரைக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவருக்கு லீவு அங்கேயே ஆவியாகிவிடும்.

இரண்டாவது, ஒரே ஒரு இடம். அதுவும் பக்கத்தில். வாலாஜாபேட்டைக்காரர் என்றால் ஏலகிரி போதுமே! மலைப்பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நிதானமாகப் படித்துக்கொண்டே ஏறலாம். ஏறியபின் ஓர் அறையில் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம். ஏலகிரிக்கும் காசு இல்லையென்றால் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம். தண்ணீரைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு காரியத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். அதுவும் நடக்காவிட்டால் போகட்டும்.

மூன்றாவது, போன். 'அவசரம்னா கூப்பிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனால் எல்லாமே அவசரமாகத்தான் இருக்கும். போவதற்கு முன்னால் உங்கள் வேலையை ஒரு தாளில் எழுதி ஒருவர் கையில் ஒப்படையுங்கள். அவர் லீவில் போகும்போது நீங்கள் அதையே திருப்பிச் செய்யுங்கள். நீங்கள் இல்லாமல் கம்பெனி ஐந்து நாள் ஓடும். அந்த உண்மை முதலில் கொஞ்சம் வலிக்கும். இரண்டாம் நாள் அதுவே பெரிய விடுதலையாகத் தெரியும்.

நான்காவது, வீட்டில் அதிகம் உழைக்கிறவர் யாரோ, அவருக்குத்தான் முதல் லீவு. போகிற இடத்தில் சமையல், துணி, பை, குழந்தைக்கு மருந்து எல்லாவற்றையும் பங்கு பிரியுங்கள். 'எங்கே போகலாம்?' என்று கேட்பதற்கு முன்னால் 'உனக்கு எதிலிருந்து ஓய்வு வேண்டும்?' என்று கேளுங்கள். சிலருக்கு மலை வேண்டாம், இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் லீவு ஒரு மோசமான வேலையை நல்ல வேலையாக மாற்றாது. உலக சுகாதார நிறுவனம் சொன்னதை மறக்க வேண்டாம், கோளாறு வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. லீவு தருவது ஒரு அமைதி. அந்த அமைதியில் 'இந்த வேலையில் எதை மாற்றக் கேட்க வேண்டும், எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும்' என்பது கொஞ்சம் தெளிவாகத் தெரியும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்வே வேண்டாம் போலிருக்கிறது என்றால் அதற்கு மலை ஏறிப் பயன் இல்லை. தயங்காமல் டாக்டரிடம் போங்கள்.

நண்பர் அடுத்த லீவுக்குத் திட்டம் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். எத்தனை இடம் என்று விசாரித்தேன். "இடம் இருக்கட்டும் சார். மொதல்ல சமையலுக்கு யாருன்னு கேக்கறா. அதுல நிக்கிது பேச்சு" என்றார். நல்ல இடத்தில்தான் நிற்கிறது.

நீங்களும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் நின்றுகொண்டே வேலை செய்துகொண்டிருப்பார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அவர் கையில் இருக்கிற கரண்டியையோ துடைப்பத்தையோ வாங்கிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.

எதற்கு என்று அவர் கேட்டால், காரணம் எதுவும் சொல்லாதீர்கள்.